உண்ணிச்செடியை அழிக்கப் போய் நான் தொலைத்த மூன்றரை வருஷம்

எங்கள் நிலம் நீலகிரியில் கூடலூர் பக்கம், தேவர்சோலையைத் தாண்டி இருக்கிறது. மூன்று ஏக்கர். அப்பா காலத்தில் காப்பியும் மிளகும் இருந்தன. கிழக்கு ஓரத்தில் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. 2018 அக்டோபரில் அப்பா தவறினார். அதற்கு முன்பே ஐந்தாறு வருஷமாக அவரால் நடக்க முடியவில்லை, ஆள் வைத்துப் பார்க்க வசதியும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் நிலத்தைப் பார்க்கப் போனபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. ஆள் உயரத்துக்கு மேல் உண்ணிச்செடி. காப்பிச் செடிகள் அதற்குள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. அப்பா எங்களை உட்கார வைத்து மிளகு உதிர்த்த பாறை கூடக் கண்ணில் படவில்லை. அன்றைக்கு வரப்பில் நின்று அழுதேன். அம்மா முன்பே போய்விட்டார், அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். "வித்துடு, உன்னால பாக்க முடியாது" என்று போனில் சொன்னான். விற்க மனம் வரவில்லை. எப்படியாவது அந்த நிலத்தை மறுபடியும் மரமும் நிழலுமாக ஆக்குகிறேன் என்று அவனிடம் வீம்பாகச் சொன்னேன். கோவையில் வேலை பார்த்துக்கொண்டு, மாதம் இரண்டு முறை ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய் வந்து, அடுத்த மூன்றரை வருஷத்தில் நான் செய்த காரியம் எல்லாமே தப்பு. எதைக் காப்பாற்ற நினைத்தேனோ அதற்கே கெடுதல் செய்துகொண்டிருந்தேன். மலையோரத்தில் நிலம் வைத்திருந்து, களைபிடித்துக் கிடக்கிறதே என்று தவிக்கிற ஒருவராவது என்னை மாதிரி மாட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்றுதான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

உண்ணிச்செடியை எல்லோரும் பார்த்திருப்போம். மஞ்சளும் ஆரஞ்சும் ரோஸும் கலந்த குட்டிக் குட்டிப் பூங்கொத்து, கசக்கினால் மூக்கில் ஏறுகிற காட்டமான வாசம், கறுப்பாகப் பழுக்கிற மணிமணியான பழம். சின்ன வயதில் அந்தப் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அது நம் ஊர்ச் செடி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதியைச் சேர்ந்தது. 1800-களின் தொடக்கத்தில் அழகுச்செடி என்று கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கிருந்து தப்பி, 2020-ல் வந்த ஓர் ஆய்வின்படி இந்தியக் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் அதன் கையில். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். இந்த எண்ணிக்கையைப் படித்த அன்றுதான் என்னுடைய மூன்று ஏக்கர் எந்தப் பெரிய சங்கடத்தின் ஒரு மூலை என்பது புரிந்தது. காடு அழிகிறது என்றால் கோடரியும் லாரியும்தான் எனக்கு ஞாபகம் வரும். மரம் நின்றுகொண்டிருக்கும்போதே அதன் காலடியில் காடு செத்துப்போகும் என்று எனக்குத் தெரியாது. உண்ணி மூடிய இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத காட்டில் புள்ளிமானும் காட்டுமாடும் எதைத் தின்னும்? மரத்தின் விதை விழுந்து முளைத்தாலும் வெளிச்சம் கிடைக்காமல் அரையடிக் கன்றாகவே நின்றுவிடும். பெரிய மரங்கள் வயதாகி விழுந்தபின் அந்த இடத்துக்கு வர ஆளில்லை.

நான் அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காட்டில் பெரிய தீ பிடித்து நாலைந்து நாள் எரிந்தது நினைவிருக்கும். முதுமலையும் பந்திப்பூரும் ஒட்டிக்கொண்டிருக்கும் காடு. தீ பரவியதற்குக் காய்ந்த உண்ணிச்செடியும் ஒரு காரணம் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். எங்கள் நிலத்திலும் உண்ணி காய்ந்து சுள்ளியாக நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர், "ஒரு பீடித்துண்டு விழுந்தாப் போதும்மா, உங்க நிலமும் போயிடும் எங்க நிலமும் போயிடும்" என்றார். அந்தப் பயத்தில் ஏப்ரலில் ஒரு ஜேசிபிக்காரரைப் பிடித்தேன். மணிக்கு 1,000 ரூபாய். மூன்று ஏக்கரையும் நான்கே நாளில் சுத்தமாக்கித் தருகிறேன் என்றார். அனுமதி எதுவும் வேண்டாமா என்று கேட்டேன். "உங்க சொந்த பட்டா நிலம்தானே மேடம்" என்றார். நீலகிரி மாவட்டத்தில் இந்த மாதிரி மண் தோண்டும் இயந்திரத்தை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. அது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நான்காம் நாள் மதியம் அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்தினார்கள். 31 மணி நேரத்துக்கு 31,000 ரூபாய் கொடுத்து முடித்திருந்தேன். அதற்குமேல் அபராதம் 25,000. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போது கை நடுங்கியது. மலை மாவட்டத்தில் நிலத்தில் எந்த வேலை தொடங்கும் முன்பும் கிராம நிர்வாக அலுவலர், வனச்சரக அலுவலகம் இரண்டு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள். மரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் என்று 1955-லிருந்தே ஒன்று இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், சொந்த நிலத்தில் நிற்கிற மரமானாலும் மாவட்ட அளவிலான குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஜேசிபிக்காரரோ தரகரோ சொல்வதை நம்பாதீர்கள். அபராதச் சீட்டில் அவர்கள் பெயர் வராது.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் ஆகஸ்டில் வந்தது. ஜேசிபி உண்ணியை மட்டும் எடுக்கவில்லை. மேல்மண்ணையும் சேர்த்து வழித்து ஓரமாகக் குவித்திருந்தது. சரிவான நிலம். பிடித்துக்கொள்ள ஒரு வேரும் இல்லை. 2019 ஆகஸ்ட் 8-ஐ நீலகிரிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய நாள். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் வானம் பொத்துக்கொண்ட மாதிரிதான் ஊற்றியது. சாலை திறந்தபின் போய்ப் பார்த்தேன். நிலத்தின் நடுவில் என் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் அறுத்திருந்தது. மண் மொத்தமும் ஓடைக்குள். கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் செம்மண் கூழாக நின்றது. சின்ன வயதில் அந்த ஓடையில்தான் தலைப்பிரட்டையைக் கையில் ஏந்தி விளையாடுவோம். அந்தக் கூழுக்குள் அது எப்படி இருக்கும் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. மிச்சம் இருக்கிற மண்ணாவது நிற்கட்டும் என்று 85,000 ரூபாய் செலவழித்துக் கல் கட்டு போட்டேன். அது என் சேமிப்பில் பாதி.

இதற்குப் பிறகாவது அடிக்கடி போய்ப் பார்த்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இ-பாஸ் இல்லாமல் மலையேற முடியவில்லை. டிசம்பரில் போனபோது நிலம் முன்னைவிட மோசமாக இருந்தது. ஜேசிபி உடைத்துப் போட்ட ஒவ்வொரு தண்டுத் துண்டும் மண்ணில் பட்ட இடத்தில் வேர்விட்டுத் தனிச்செடி ஆகியிருந்தது. மண்ணைக் கிளறியதில் உள்ளே கிடந்த விதைகளுக்கு வெளிச்சம் கிடைத்து அவையும் முளைத்திருந்தன. நடுவே பார்த்தீனியமும் புகுந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பசு ஒன்று கோடையில் மேய்ச்சல் இல்லாமல் உண்ணி இலையைத் தின்று, ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெடித்துச் செத்துப்போனதாக அந்த அம்மா சொன்னார். என் நிலத்து ஓரத்தில்தான் மேய்ந்திருக்கிறது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த மாதமே ஆள் வைத்து அரிவாளால் எல்லாவற்றையும் தரையோடு வெட்டினேன், 42,000. அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஏழெட்டுத் தளிர் வந்தது. உண்ணியைத் தரைக்கு மேலே வெட்டுவது அதைக் கவாத்துச் செய்வதற்குச் சமம். இன்னும் அடர்த்தியாகத்தான் வரும். தீ வைத்தாலும் அப்படித்தான். மற்றச் செடிகள் கருகிப்போகும், உண்ணி அடிவேரிலிருந்து முதலில் எழுந்து காலியான இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும்.

2021 ஜூனில் அடுத்த தப்பு. உண்ணி வராமல் இருக்க நிழல் வேண்டும், நிழலுக்கு வேகமாக வளரும் மரம் வேண்டும் என்று நானே முடிவு செய்து ஒரு நர்சரியில் 600 கன்று வாங்கினேன். கன்று 55 ரூபாய், 33,000. ஏற்றுக்கூலி, குழி, நடவு எல்லாம் 27,000. "எல்லாம் காட்டு மரம்தானே?" என்று கேட்டேன். "ஆமாங்க, கொன்றை, மலைவேம்பு, சில்வர் ஓக்" என்றார்கள். சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம் என்பது நீலகிரியில் பிறந்த எனக்கே அப்போது தெரியாது. அப்படி எங்கும் நிற்கிறது, பார்த்துப் பழகிவிட்டோம். கொன்றை 210 கன்று வாங்கினேன். சித்திரைக்கு மஞ்சள் சரம் தொங்கும், கேரளக்காரர்கள் விஷுவுக்குப் பறிப்பார்கள், அப்பாவுக்குப் பிடித்த மரம் என்று ஆசையாக நட்டேன். பதினைந்து மாதத்தில் அது என் தலைக்கு மேல் ஒரு மடங்கு வளர்ந்து நின்றது. நிலத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று நன்றாக நடக்கிறது என்று படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

2022 அக்டோபரில் எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பெட்டகுறும்பர் பழங்குடியைச் சேர்ந்தவர். முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைச் சின்னப் பெண்ணாகத் தெரியும், இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கொன்றைகளைக் காட்டினேன். ஓர் இலையை ஒடித்து என் கையில் கொடுத்து, "எண்ணு பாப்பா" என்றார். ஒரு காம்பில் எதிரெதிராகப் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலை. ஒவ்வொன்றும் குறுகலாக, நுனி கூர்ந்து. "நம்ம சரக்கொன்றைக்கு இத்தனை இலை இருக்குமா? அது நாலஞ்சு ஜோடி, மிஞ்சிப்போனா எட்டு. ஒவ்வொண்ணும் அகலமா இருக்கும். பூ கீழ தொங்கும். இதுக்குக் கிளை நுனியில மேல பாத்து நிக்கும். இது அந்த மஞ்சக் கொன்னை பாப்பா. நாங்க காட்டுக்குள்ள இதைத்தான் புடுங்கிக்கிட்டு இருந்தோம்." சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நிழலுக்கும் அழகுக்குமாக வந்த மரம்தான். முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு என்று காட்டுக்குள் புகுந்து, கீழே ஒரு செடியும் முளைக்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. அதை வெட்டி எடுத்துக் காகிதம் செய்ய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அனுப்ப அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் நான் காட்டு ஓரத்தில், ஓடைக்கரையில், காசு கொடுத்து வாங்கி, 210 நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் பூத்துக் காய்த்து விதை ஓடை வழியாகக் காட்டுக்குள் போயிருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதற்காக இல்லை. ஓடையில் மண்ணை விட்டதும் நான்தான், இதை நட்டதும் நான்தான் என்பது நெஞ்சை அடைத்தது.

அப்போதும் அவசரம் என்னை விடவில்லை. அவரிடம் வழி கேட்காமல், அடுத்த நாளே கூலிக்காரரை வைத்து நாற்பது கன்றை அரிவாளால் வெட்டினேன். மூன்று வாரத்தில் அடிக்கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு அரிவாளை வாங்கி ஓரமாக வைத்தார். வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டுக்கொண்ட பிறகு, மழை ஈரம் இருக்கும்போது ஆணிவேரோடு தோண்டிப் பிடுங்கினோம். முறுக்கேறி நின்ற சிலவற்றுக்கு, தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டோம். அவை நின்றபடியே மெதுவாகக் காய்ந்தன. உரிக்கும்போது ஒரு விரல் அகலம் பட்டை விட்டுப்போனாலும் மரம் அதைப் பிடித்துப் பிழைத்துக்கொள்கிறது, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு 18,000. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜேசிபி முதல் பட்டை உரித்தது வரை 2,61,000 ரூபாய். 2019 ஏப்ரலிலிருந்து மூன்றரை வருஷம். கையில் இருந்தது ஒரு கல் கட்டும், பாதி உயிரோடு இருந்த மலைவேம்பும், பழையபடி உண்ணியும். கன்று வாங்கும்போது பேரை மட்டும் கேட்காதீர்கள். தாய்மரம் எங்கே நிற்கிறது, விதை எங்கே எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள். முடிந்தால் ஓர் இலையைப் படம் எடுத்து, தாவரவியல் படித்த யாரிடமாவது காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். 'கொன்றை', 'வாகை', 'வேம்பு' என்ற பெயர்களுக்குள் எத்தனையோ வெளியூர் மரங்கள் ஒளிந்திருக்கின்றன.

உண்ணியை எப்படி எடுக்க வேண்டும் என்பதைப் பெரியவர் ஒரு காலை நேரத்தில் எனக்குக் காட்டினார். ஒரு புதரின் அடியில் உட்கார்ந்து கையாலேயே மண்ணை விலக்கினார். தண்டும் வேரும் சேருகிற இடத்தில் முண்டு மாதிரி ஒன்று இருந்தது, மண்ணுக்குள் மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில். அதன்மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாக மொட்டுகள் உறங்கின. "இதுலேருந்துதான் பாப்பா துளுக்குது. நீ மேல எத்தனை தடவ வெட்டினாலும் இது உள்ள உக்காந்து சிரிக்கும்." பிக்காசை எடுத்து அந்த முண்டுக்குக் கீழே ஆணிவேரில் ஒரே போடு. புதரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள், தண்டு எதுவும் மண்ணைத் தொடாமல், வேர் வானத்தைப் பார்க்க. ஒரு வாரத்தில் அது சுக்காகிவிட்டது. பிறகு தேடிப் படித்தபோது, இதே முறையை கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து பார்த்து, சுரேஷ் பாபு, அமித் லவ், சி. ஆர். பாபு என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009-ல் எழுதியிருப்பது தெரிந்தது. பூத்துக் காய்க்கும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஜேசிபிக்குக் கொடுத்த நான்கு நாளில் நான் இதைத் தேடியிருக்கலாம்.

ஆனால் பிக்காசு எடுப்பதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம்தான் என்னை மாற்றியது. "பழைய சேலை இருந்தாக் கொண்டா" என்றார். அப்பாவின் பெட்டியில் அம்மாவின் சேலைகள் இருந்தன. ஒன்றைக் கொண்டு போனேன். நீளநீளமாகக் கிழித்துக்கொண்டு குனிந்து புதருக்குள் நுழைந்து, முளைத்து நின்ற ஒவ்வொரு கன்றிலும் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டே போனார். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் நான் எண்ணினேன், இருபத்து மூன்று துண்டு. நாவல், பலா, காட்டு நெல்லி, வேங்கை, சந்தன வேம்பு, பெயர் தெரியாத ஆறேழு. பலாவும் நாவலும் அணிலும் வௌவாலும் போட்டவை, மற்றவை காற்றும் பறவையும் மானும் கொண்டுவந்தவை. வெளிச்சத்துக்காக அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஜேசிபி வழித்துப் போட்ட அந்த நான்கு நாளில் இந்த மாதிரி எத்தனை ஆயிரம் கன்று போயிருக்கும்! அதற்குப் பிறகு நான் வெளியிலிருந்து விலைக்கு வாங்கி வந்த 600 கன்று! உங்கள் நிலத்தில் என்ன நடுவது என்று யோசிக்கும் முன்னால் உள்ளே ஏற்கெனவே என்ன நிற்கிறது என்று முழங்கால் போட்டுப் பாருங்கள். காட்டுக்குப் பக்கத்து நிலமென்றால் அநேகமாக நட வேண்டிய தேவையே பாதிதான் இருக்கும்.

ஒரே நேரத்தில் மூன்று ஏக்கரையும் தொடவும் அவர் விடவில்லை. முதல் வருஷம் ஒரே ஏக்கர், அதிலும் சரிவுக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக. ஒரு பட்டை எடுத்தால் அடுத்ததை விட்டுவைக்க வேண்டும். மண் ஓடாமல் இருக்கும். உண்ணிக்குள் கூடு வைத்திருக்கிற கொண்டைக்குருவிக்கும் ஒதுங்க இடம் இருக்கும். அந்நியச் செடிதான், ஆனால் இத்தனை வருஷத்தில் எத்தனையோ உயிர் அதை அண்டிவிட்டது. வேறு இடம் தயாராகாமல் அதைப் பிடுங்கினால் அவை தெருவில் நிற்கும். குடியிருப்பிலிருந்து பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். ஒரு ஏக்கருக்கு 48 ஆள்கூலி ஆனது, ஆளுக்கு 450 வீதம் 21,600 ரூபாய். ஜேசிபிக்கு ஏக்கருக்கு ஆன செலவைவிட இரண்டு மடங்கு என்று தோன்றும். அபராதமும் கல் கட்டும் சேர்த்துப் பாருங்கள். வேலைக்குப் போகும்போது காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை நான்குக்குப் பிறகும் புதருக்குள் யாரையும் அனுப்பாதீர்கள். உண்ணிப் புதர் யானையையே மறைத்துவிடும். ஒரு நாள் இருபதடி தூரத்தில் நின்ற யானையை நாங்கள் சாண வாசத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டு பின்வாங்கினோம். முன்னால் ஒருவர் சத்தம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். முழுக்கால் சட்டை, காலுறை, அட்டைக்கு உப்பு, இவை கட்டாயம்.

எடுத்ததோடு வேலை முடியாது, இங்கேதான் பெரும்பாலானவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். முதல் மழைக்குப் பிறகு உண்ணி நாற்று புசுபுசுவென்று வரும். எங்கே அதிகம் வருகிறது என்று பார்த்தால் மரத்தடியில். பறவைகள் பழத்தைத் தின்று கிளையில் உட்கார்ந்து எச்சம் போடுகிற இடம். ஆகவே நிலம் முழுக்கத் தேட வேண்டாம், முதலில் மரத்தடிகளைப் பாருங்கள். ஜூலையில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை கையால் பிடுங்க வேண்டும். அரையடி நாற்றை ஒரு பெண் நாளைக்கு ஆயிரக்கணக்கில் பிடுங்கிவிடுகிறார். அதுவே ஒரு வருஷம் விட்டால் மறுபடி பிக்காசு. குறைந்தது மூன்று வருஷத்துக்கு இந்தச் செலவை இப்போதே எடுத்து வைத்துவிட்டுத்தான் முதல் புதரில் கை வையுங்கள். பணம் ஒரு ஏக்கருக்குத்தான் இருக்கிறது என்றால் அரை ஏக்கரை எடுங்கள். காலி இடத்தில் நாங்கள் முள்முருங்கைப் போத்துகளை ஊன்றினோம். சும்மா கொம்பை நட்டால் வேர்பிடிக்கும், மிளகும் ஏற்றலாம். ஓடைக்கு அந்தப் பக்கத்து மரங்கள் எங்கள் வரப்பில் உதிர்த்த நாவல் கொட்டையைப் பொறுக்கி அதே வாரம் ஊன்றினோம். நாவலும் பலாவும் கொட்டையைக் காயவைத்து எடுத்துவைத்தால் முளைக்காது. நான் முதல் வருஷம் ஒரு டப்பா நாவல் கொட்டையை வெயிலில் உலர்த்திப் பத்திரமாக வைத்து, ஒன்றுகூட முளைக்காமல் தூக்கிப்போட்டேன்.

காய்ந்த உண்ணித் தண்டையும் வீணாக்க வேண்டாம். நீலகிரியில் தி ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ் என்ற அமைப்பில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகங்களைச் சேர்ந்த கலைஞர்கள் உண்ணித் தண்டை வேகவைத்துத் தோலுரித்து வளைத்து, நிஜ யானை அளவிலேயே யானைகள் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் அவை நின்றன. 2024-ல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போயின. எங்கள் பெண்களில் ஒருவர் நேரான தண்டுகளை மட்டும் பிரித்துக் கூடை பின்ன எடுத்துக்கொள்கிறார். மிச்சத்தைக் கல் கட்டுக்கு மேலே குறுக்கு வரிசையாக அடுக்கியிருக்கிறோம், மண்ணைப் பிடிக்கிறது. அதை மாட்டுக்குப் போகிற வழியில் போடாமல் இருக்க நான் ரொம்பக் கவனமாக இருக்கிறேன்.

இப்போது முதல் ஏக்கரில் வேங்கையும் நாவலும் என் உயரத்தைத் தாண்டிவிட்டன. இரண்டாவது ஏக்கரில் புல் வந்துவிட்டது. போன ஜனவரியில் காலையில் போனபோது புல் நுனி வரிசையாகக் கடிபட்டிருந்தது, ஈரமண்ணில் குளம்புத் தடம். கடமான் என்று பெரியவர் சொன்னார். அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் என் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓடை இன்னும் முழுசாகத் தெளியவில்லை. கல்லுக்கு அடியில் 2019-ல் வந்த எங்கள் மண் படிந்துதான் இருக்கிறது. காலை வைத்தால் கலங்குகிறது. தலைப்பிரட்டை போன வருஷம் ஓரிடத்தில் மட்டும் பார்த்தேன், மேல்பக்கம், எங்கள் நிலம் தொடங்குவதற்கு முன்னால்.

மூன்றாவது ஏக்கர் இன்னும் உண்ணிக்குள்தான் இருக்கிறது. ஓடையை ஒட்டிய பகுதி, சரிவு அதிகம், அதனால் கடைசியாக வைத்திருந்தோம். வருகிற ஜூனில் முதல் மழை விழுந்து மண் இளகியதும் ஆரம்பிக்கப் போகிறோம். பெரியவருக்கு முழங்கால் முடியவில்லை. அவர் பேத்திக்குப் பத்தொன்பது வயது, இந்தத் தடவை கன்றுகளை அடையாளம் காட்ட அவள்தான் முன்னால் போகப் போகிறாள். போன வாரம் வந்து, "அக்கா, துணி இருக்கா?" என்று கேட்டாள். அம்மாவின் சேலைகளில் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கின்றன. பச்சையைக் கிழிக்க வேண்டாம், புதருக்குள் கண்ணுக்குத் தெரியாது என்று சிவப்பை எடுத்துப் போயிருக்கிறாள்.